விழும் கல்லை முந்துமா கார்?

நம் ஊரில் ஒருவர் புது வண்டி வாங்கினால், பார்க்க வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான். மைலேஜ் எவ்வளவு கொடுக்கிறது? பிக்கப் எப்படி? முதல் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குப் பதில் பெரும்பாலும் கையில்தான் இருக்கும். "மிதிச்சா அப்படியே…" என்று இழுத்து, உள்ளங்கையை விசுக்கென்று முன்னால் வீசிக் காட்டுவார்கள். அந்த வீச்சுக்கு இயற்பியலில் முடுக்கம் என்று பெயர். அதற்கும் எண் உண்டு. அதை அளக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் மிகப் பழையது: மாடியிலிருந்து விழும் கல்.

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்று ஒரு கல்லைக் கையிலிருந்து நழுவ விடுவதாக வைத்துக்கொள்வோம். (கீழே யாரும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம்.) எறிய வேண்டாம், விட்டால் போதும். ஒவ்வொரு வினாடியும் அதன் வேகம் வினாடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூடிக்கொண்டே போகும். 2.73 வினாடியில் அது மணிக்கு 60 மைல், அதாவது 96.6 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். அதற்குள் ஏறத்தாழ 37 மீட்டர் விழுந்திருக்கும், தரை வந்துவிடும். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட இன்னும் பத்தில் ஒரு பங்கு வினாடி வேண்டும்: 2.83. காற்றின் தடையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கனமான கல்லை இந்தச் சில வினாடிகளில் காற்றால் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது.

பூமி தானே இழுத்து ஒரு பொருளின் வேகத்தைக் கூட்டும் இந்த விகிதத்தை ஒரு 'ஜி' என்கிறார்கள். சமதரையில், இரண்டு டன்னுக்கு மேல் எடையோடு, தோல் இருக்கையும் ஏசியும் பாட்டுப் பெட்டியுமாக நிற்கும் ஒரு சொகுசு எஸ்யூவி, இந்தக் கல்லோடு போட்டி போட முடியுமா?

இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன். இரண்டையும் நான் வாங்கப்போவதில்லை. அதனால் பாரபட்சம் இருக்காது.

ஒன்று லம்போர்கினி உரூஸ். இத்தாலியில் பொலோன்யா நகருக்கு அருகே உள்ள சான்ட் ஆகாத்தா பொலோன்யேசே என்ற சிற்றூர்தான் அந்த நிறுவனத்தின் ஊர். டிராக்டர் செய்து பணம் பார்த்த ஃபெருச்சோ லம்போர்கினி தொடங்கியது அது. தாழ்ந்து கிடக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பெயர்போன அந்த ஊரிலிருந்து 2017 டிசம்பரில் உரூஸ் அறிமுகமானது. நான்கு லிட்டர் வி-8 பெட்ரோல் எஞ்சின், இரண்டு டர்போ, 650 குதிரைத் திறன், 850 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 2,200 கிலோவுக்குச் சற்றே குறைந்த எடை. உரூஸ் என்பது ஒரு காட்டு மாட்டின் லத்தீன் பெயர். ஐரோப்பாவில் அந்த இனத்தின் கடைசி மாடு 1627இல் போலந்தில் செத்தது. அதன் இந்தியக் கிளையின் வழிவந்தவைதான் திமிலோடு நிற்கும் நம் நாட்டு மாடுகள். லம்போர்கினியின் சின்னமும் காளைதான் என்பதால் பெயர் பொருந்திவிட்டது.

மற்றொன்று டெஸ்லா மாடல் எக்ஸ் பிளெய்ட். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் தொழிற்சாலையில் உருவானது. பின்பக்கக் கதவுகள் பறவை இறக்கை விரிப்பதுபோல மேலே திறக்கும். எஞ்சின் கிடையாது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று மின்மோட்டார்கள். மொத்தம் 1,020 குதிரைத் திறன், எடை ஏறத்தாழ 2,450 கிலோ. குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போகும் குடும்ப வண்டி போன்ற முட்டை உருவம். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைலை எட்ட 2.5 வினாடி என்கிறது நிறுவனம்.

கல்லுக்கு 2.73. காருக்கு 2.5. கார் ஜெயித்துவிட்டது என்று கைதட்டிவிடலாம். ஆனால் அந்த 2.5க்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது: முதல் ஓரடி உருளல் நேரம் கழிக்கப்பட்டது.

அமெரிக்காவில் கால் மைல் நேர்ப்பாதைப் பந்தயம் பல பத்தாண்டுகளாக நடப்பது. புறப்படும் கோட்டில் தரையை ஒட்டி ஓர் ஒளிக்கற்றை குறுக்கே போகும். முன்சக்கரம் அந்த ஒளியை மறைத்தபடி நிற்கும். பச்சை விளக்கு எரிந்து வண்டி நகர்ந்தாலும், சக்கரம் முழுவதும் விலகி ஒளி மறுபக்கம் எட்டும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். சக்கரம் உருண்டையாக இருப்பதால் அதற்குள் வண்டி ஏறக்குறைய ஓரடி நகர்ந்திருக்கும். பந்தய மைதானத்தின் இந்தப் பழக்கம் அப்படியே அமெரிக்கப் பத்திரிகைகளின் சோதனை முறையிலும், அங்கிருந்து சில நிறுவனங்களின் விளம்பரத்திலும் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஓரடிதானே என்று தோன்றும். ஆனால் ஓட்டத்திலேயே மெதுவான அடி முதல் அடிதான். ஒரு ஜிக்குச் சற்றுக் குறைந்த முடுக்கத்தில் 30 சென்டிமீட்டரைக் கடக்கக் கால் வினாடி ஆகும். அந்த ஓரடியின் முடிவில் வண்டி ஏற்கெனவே மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அப்படியானால் 'பூஜ்யத்திலிருந்து' என்ற சொல்லே கொஞ்சம் பொய்தான். விட்ட கால் வினாடியைத் திருப்பிச் சேர்த்தால் டெஸ்லாவின் நேரம் 2.75. கல்லுக்கு 2.73. என் கால் வினாடிக் கணக்கு தோராயமானது என்பதால் சமம் என்றே தீர்ப்பு எழுதலாம். சமதரையில் ஒரு கார், பன்னிரண்டு மாடியிலிருந்து விழும் கல்லோடு தோளுக்குத் தோள் நிற்கிறது. அடிக்குறிப்பைக் கழித்த பிறகும் எனக்கு இது நம்பச் சிரமமாகத்தான் இருக்கிறது.

உரூஸுக்கு லம்போர்கினி சொல்லும் கணக்கு வேறு: 100 கிலோமீட்டரை எட்ட 3.6 வினாடி. ஐரோப்பியர்கள் பொதுவாக இந்த ஓரடிச் சலுகையை எடுப்பதில்லை. சராசரி முடுக்கம் 0.79 ஜி. கல் 100ஐத் தொட்டு முக்கால் வினாடி கழித்துத்தான் காளை வந்து சேர்கிறது. இதே உரூஸை அமெரிக்கப் பத்திரிகைகள் தங்கள் ஓரடி முறையில் சோதித்தபோது 60 மைலுக்கு மூன்று வினாடியை ஒட்டிய நேரங்கள் கிடைத்தன. ஆகவே ஒரே முறையில் அளந்தால் இரண்டு கார்களுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ அரை வினாடி.

அந்த அரை வினாடி எங்கிருந்து வருகிறது? 1,020 குதிரைக்கும் 650 குதிரைக்கும் உள்ள வித்தியாசம்தான், இதில் என்ன புதிர் என்று கேட்கலாம். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி தரையில் இருக்கிறது.

வீட்டில் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பர் ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். துடைத்துச் சுத்தமான ஒரு கண்ணாடித் தட்டின் மேல் வையுங்கள். தட்டின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். பத்து டிகிரி, இருபது டிகிரி, ரப்பர் அசையாது. அதன் பக்கத்திலேயே ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்திருந்தால் அது எப்போதோ சறுக்கி விழுந்திருக்கும். நல்ல ரப்பராக இருந்தால் 45 டிகிரியைத் தாண்டியும் பிடித்துக்கொண்டு நிற்கும். 45 டிகிரியில் ஒரு பொருள் சறுக்காமல் நிற்கிறதென்றால், அதன் உராய்வுக் கெழு ஒன்று அல்லது அதற்கு மேல் என்று பொருள். உராய்வுக் கெழு ஒன்றைத் தாண்டவே தாண்டாது என்று பள்ளியில் நம்மில் பலர் நம்பிவிட்டோம். மரத்துக்கும் இரும்புக்கும் அது பெரும்பாலும் சரி. ரப்பர் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அது தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் பிதுங்கி இறங்குகிறது, மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்கிறது, இழுக்கும்போது உருக்குலைந்து ஆற்றலை உறிஞ்சுகிறது. எதிர்ப்பு இந்த மூன்றிலிருந்தும் வருகிறது.

காரைத் தரை தொடும் இடம் நான்கு டயர்களின் அடியில் உள்ள நான்கு சிறு பரப்புகள். ஒவ்வொன்றும் விரித்த ஒரு கையின் அளவு. எஞ்சின் என்னதான் உறுமினாலும், மோட்டார் என்னதான் சுழன்றாலும், வண்டியை முன்னே தள்ளுவது இந்த நான்கு கையளவு ரப்பர் தரையைப் பின்னால் தள்ளும் விசைதான். அந்த விசைக்கு ஓர் உச்சம் உண்டு: வண்டியின் எடையை உராய்வுக் கெழுவால் பெருக்கினால் வருவது. முடுக்கம் கண்டுபிடிக்க இதை வண்டியின் நிறையால் வகுக்க வேண்டும். மேலேயும் நிறை, கீழேயும் நிறை, இரண்டும் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது உராய்வுக் கெழுவும் ஜியும் மட்டுமே.

இந்த ஒரு வரிக் கணக்கைத் தாளில் முதல்முறை போட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டெஸ்லா உரூஸைவிட ஏறத்தாழ 250 கிலோ கூடுதல் எடை. மூன்று நான்கு ஆட்களைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு ஓடுவதற்குச் சமம். ஆனால் தரையின் பிடிப்பு மட்டுமே எல்லையாக இருக்கும்வரை அந்தச் சுமை சுமையே இல்லை. வண்டியைத் தாமதப்படுத்தும் அதே எடைதான் டயரைத் தரையில் அழுத்திப் பிடிப்பையும் தருகிறது. (டயரின் மேல் பாரம் ஏற ஏறக் கெழு சற்றுக் குறையும் என்ற சிறு வரி உண்டு. அது நாம் செலுத்த வேண்டிய சில்லறை.) கல்லும் இதே கதைதான். பெரிய கல்லும் சின்னக் கல்லும் ஒரே வேகத்தில் விழுவதற்குக் காரணம், எடையும் நிறையும் இப்படி அடிபட்டுப் போவதுதான்.

நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும் என்பது இதில் அடங்கிய நிபந்தனை. புறப்படும் கணத்தில் வண்டி பின்னால் அமுங்கும், மூக்கு மேலே எழும். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், முன் பின் சக்கரங்களுக்கு இடையே மூன்று மீட்டர் இருப்பதாகவும் கொண்டால், ஒரு ஜியில் வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முன்சக்கரங்களிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போய்விடும். இந்த இரண்டு வண்டிகளின் சக்கர இடைவெளியும் மூன்று மீட்டரை ஒட்டியதுதான். முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள் இந்த ஆட்டத்துக்கே வர முடியாததன் காரணம் இது. அவசரமாக மிதித்தால் அவற்றின் முன் டயர்கள் பாரம் இல்லாமல் வெறுமனே சுற்றி, பட்டனைத் தேய்த்துக்கொண்டு நிற்கும். உரூஸ் சாதாரண ஓட்டத்தில் விசையை முன்னால் 40, பின்னால் 60 என்று பிரிக்கிறது, தேவைப்பட்டால் 87 விழுக்காடு வரை பின்னால் அனுப்பும். டெஸ்லா மூன்று மோட்டார்களில் இரண்டைப் பின்னால் வைத்ததும் இதே கணக்கில்தான்.

டயர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு உரூஸின் பங்காளி ஒருவரையே சாட்சிக்கு அழைக்கலாம். போர்ஷே கயென் டர்போ ஜிடி. இரண்டும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பிள்ளைகள். அடித்தளம் ஒன்று, நான்கு லிட்டர் வி-8 எஞ்சினும் ஒரே குடும்பம். எடையிலும் பெரிய வேறுபாடு இல்லை. குதிரைத் திறன் 640, உரூஸைவிடப் பத்து குறைவு. ஆனால் 100ஐ எட்ட 3.3 வினாடி என்கிறது போர்ஷே, உரூஸைவிட 0.3 குறைவு. பத்து குதிரை குறைந்தும் முந்துகிறது என்றால் குதிரையை மட்டும் எண்ணுவதில் பயனில்லை. கயெனுக்கென்றே பிரெல்லி உருவாக்கிய பந்தய வகை டயரும், புறப்பாட்டுக்காக நுணுக்கமாகத் திருத்திய கியரும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பது என் கணிப்பு.

உரூஸின் டயருக்கு உண்மையில் எவ்வளவு தெம்பு என்று தெரிய வேண்டுமானால் அது ஓடுவதைப் பார்க்கக் கூடாது, நிற்பதைப் பார்க்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் உரூஸ் பிரேக் போட்டால் 33.7 மீட்டரில் நின்றுவிடும் என்கிறது நிறுவனம். கணக்குப் போட்டால் 1.17 ஜி. நேரம் 2.4 வினாடி. ஆக, 100ஐ எட்ட 3.6 வினாடி எடுத்துக்கொள்ளும் அதே வண்டி, அதே டயர், அதே தரை, பூஜ்யத்துக்குத் திரும்ப 2.4 வினாடிதான் எடுத்துக்கொள்கிறது. நிற்பதில் அது கல்லைத் தோற்கடித்துவிடுகிறது. பிரேக் பிடித்த முதல் கணத்தில் 440 மில்லிமீட்டர் விட்டமுள்ள முன்தட்டுகளும் பின்தட்டுகளும் சேர்ந்து விழுங்கும் திறன் ஏறத்தாழ 700 கிலோவாட். எஞ்சினின் உச்சத் திறன் 478 கிலோவாட். வண்டியிலேயே மிகச் சக்தி வாய்ந்த கருவி பிரேக்தான். அதை யாரும் காட்சிக்கூடத்தில் ஒளிபாய்ச்சி வைப்பதில்லை.

விலங்குகளிலும் இப்படித்தான் போலும். சிவிங்கிப்புலிகளின் கழுத்தில் கருவி கட்டி போட்ஸ்வானாவில் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. ஒரே பாய்ச்சலில் அது கூட்டும் வேகத்தைவிடக் குறைக்கும் வேகம் அதிகம் என்று தெரியவந்தது. இரையைப் பிடிப்பது ஓட்டத்தால் மட்டும் இல்லை, திடீரென்று அடக்கித் திரும்புவதாலும்தான்.

டயரால் 1.17 ஜி தாங்க முடியும் என்றால், உரூஸ் ஏன் 0.79இல் நின்றுவிடுகிறது? இங்கேதான் குதிரைகள் உள்ளே வருகின்றன. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. வண்டி மெதுவாகப் போகும்போது சிறு திறனே பெரிய விசையைத் தந்துவிடும். வேகம் கூடக் கூட, அதே விசையைத் தொடர்ந்து கொடுக்க மேலும் மேலும் திறன் வேண்டும். உரூஸின் 478 கிலோவாட்டில் கியர்பெட்டியிலும் அச்சுகளிலும் வீணாவதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு ஜி முடுக்கத்தை அதனால் மணிக்கு 70 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உள்ள வேகம்வரைதான் தாங்க முடியும். அதுவும் எஞ்சின் ஒவ்வொரு கணமும் உச்சத் திறனில் இருந்தால். அதற்கு மேல் டயர் தயாராக இருக்கும், கொடுக்க எஞ்சினிடம் இருக்காது. டெஸ்லாவின் 760 கிலோவாட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் எல்லை மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. அதாவது நாம் அளக்கும் ஓட்டம் முழுவதிலும் டெஸ்லாவுக்குத் தடையாக இருப்பது டயர் மட்டும்தான். கல்லோடு அது சமமாக நிற்பது தற்செயல் இல்லை. ரப்பர் ஏறத்தாழ ஒரு ஜி கொடுக்கும், பூமியும் ஒரு ஜி கொடுக்கிறது.

மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பு வரும். 2,450 கிலோ வண்டியை மணிக்கு 60 மைலுக்குக் கொண்டுவரத் தேவைப்படும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ ஒன்பது லட்சம் ஜூல். மின்வாரியக் கணக்கில் அது கால் யூனிட். ஒன்றரை டன் ஏசி பத்து நிமிடம் ஓடினால் தீர்ந்துபோகும். உணவாகக் கொண்டால் நாலைந்து இட்லி. ஆற்றல் அற்பம், அதை இரண்டரை வினாடிக்குள் ஊற்ற வேண்டும் என்பதுதான் கஷ்டம். 760 கிலோவாட் என்றால் ஐந்நூறு ஏசிகள் ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமமான திறன் ஒரு பேட்டரியிலிருந்து கிளம்ப வேண்டும். 400 வோல்ட்டை ஒட்டிய பேட்டரியில் இது 1,900 ஆம்பியர்.

உரூஸின் எஞ்சின் இதை எப்படிச் செய்கிறது? உச்சத்தில் நிமிடத்துக்கு 6,000 சுற்று. டர்போ அழுத்தத்தோடு சேர்த்தால் ஒவ்வொரு வினாடியும் 400 லிட்டருக்கும் மேல் காற்றை உறிஞ்சுகிறது, இரண்டு பீப்பாய் கொள்ளளவு. வினாடிக்கு ஏறத்தாழ 50 மில்லி பெட்ரோலை எரிக்கிறது. இந்தக் காற்றைத் திணிக்கும் டர்போவைச் சுற்றுவது எஞ்சின் வெளியேற்றும் புகைதான். எஞ்சின் முனைப்பாக ஓடினால்தான் புகை, புகை வந்தால்தான் டர்போ, டர்போ சுற்றினால்தான் எஞ்சின் முனைப்பாக ஓடும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் கதை. இந்தச் சுழல் கிளம்பும் தாமதத்தைக் குறைக்கத்தான் டர்போக்களை வி வடிவ எஞ்சினின் மடிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். புகை நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. அப்படியும் முழு முறுக்குவிசை கிடைக்க 2,250 சுற்று வேண்டும்.

அதனால் புறப்பாட்டுக்கு ஒரு சடங்கு உண்டு. ஓட்டுநர் இடது காலால் பிரேக்கை அழுத்திப் பிடிப்பார். வலது காலால் ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதிப்பார். எஞ்சின் முக்கும், வண்டி நகராது. இரண்டுக்கும் நடுவே இருப்பது எண்ணெய் நிறைந்த ஓர் உருளை. ஓடும் மேசை விசிறிக்கு எதிரே ஓடாத விசிறி ஒன்றை வைத்தால் காற்று பட்டு அதுவும் சுற்றத் தொடங்கும் அல்லவா? அங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சின் பக்க விசிறி சுற்றுகிறது, சக்கரப் பக்க விசிறி பிரேக்கில் கட்டுண்டு நிற்கிறது, எண்ணெய் சூடேறுகிறது. டர்போக்கள் விழித்துக்கொள்கின்றன. இடது காலை எடுத்ததும் எண்ணெயின் விசை முழுவதும் சக்கரத்தில் பாய்கிறது. பிறகு எட்டு கியர்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு துடிப்பு, ஒரு சிறு குட்டு.

மின்மோட்டாருக்கு இந்தச் சடங்கு தேவையே இல்லை. மோட்டார் சுழலச் சுழல அது தன்னுள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும். வேகமாகச் சுற்றும்போது அந்த எதிர்ப்புதான் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிறது. அசையாமல் நிற்கும்போது எதிர்ப்பே கிடையாது. ஆகையால் முழு முறுக்குவிசையும் முதல் மில்லிவினாடியிலிருந்தே கைவசம். பெட்ரோல் எஞ்சின் எந்த இடத்தில் மிகவும் பலவீனமோ அந்த இடத்தில் மோட்டார் மிகவும் பலசாலி. கியர் மாற்றமும் இல்லை, ஒரே பல்சக்கர விகிதம்தான். உயர்வேகத்தில் நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளை நெருங்கும் சுழலி, மையவிலக்கு விசையால் விரிந்து சிதறாமலிருக்க அதைச் சுற்றி கார்பன் இழையை இறுக்கிச் சுற்றியிருக்கிறார்கள். இதனால்தான் உயர்வேகத்திலும் திறன் குறையாமல் இழுக்கிறது. சக்கரம் சறுக்கத் தொடங்கினால் மில்லிவினாடிகளில் விசையைக் குறைத்துத் திரும்பக் கூட்டவும் முடியும். டயரின் எல்லை விளிம்பிலேயே நடக்க வைக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

டெஸ்லாவுக்கும் ஒரு சடங்கு உண்டு, வேறு வகையில். குளிர்ந்த பேட்டரி பெரிய மின்னோட்டத்தைக் கொடுக்கத் தயங்கும் என்பதால், ஓட்டத்துக்கு முன் அதைச் சில நிமிடங்கள் சூடேற்ற வேண்டும். பிறகு காற்றுத் தாங்கிகள் வண்டியின் முன்பக்கத்தைத் தாழ்த்தும், மூக்கு எழாமல் இருக்க. இந்தக் குனிந்த நிலைக்குச் சிவிங்கிப்புலியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சார்ஜ் பாதியாகக் குறைந்திருந்தாலோ பேட்டரி ஆறியிருந்தாலோ 2.5 கிடைக்காது. விளம்பர எண் என்பது அந்த வண்டி தன் வாழ்க்கையின் மிக நல்ல நாளில் எடுத்த மதிப்பெண்.

உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஆகும்? கீழ்நோக்கி ஒரு ஜி பூமி இழுக்கிறது. இருக்கை முதுகை ஒரு ஜி முன்னால் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து, நாற்பத்தைந்து டிகிரி பின்னால் சாய்ந்து படுத்திருப்பதுபோல ஓர் உணர்வு வரும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பில் மிகச் சிறிய சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. சாய்வதையும் முடுக்கப்படுவதையும் அவற்றால் பிரித்தறிய முடியாது. விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து இரவில் வீசி ஏவப்படும் விமானிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. விமானம் செங்குத்தாக மேலேறுவதாக உடம்பு நம்பும், கை தானாக மூக்கைக் கீழே அழுத்தப் பார்க்கும், கீழே கடல். கருவிகளை நம்பு, காதை நம்பாதே என்று பயிற்சியில் அவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். காரில் அந்த ஆபத்து இல்லை. தலை இருக்கையில் போய் முட்டும், கையில் காப்பி இருந்தால் மடியில் இருக்கும்.

நூறோடு கதை முடிவதில்லை. 100இலிருந்து 200க்குப் போக, பூஜ்யத்திலிருந்து 100க்குப் போனதைப்போல மூன்று மடங்கு ஆற்றல் வேண்டும், காற்றை எதிர்ப்பதற்கான செலவு தனி. உரூஸ் 200ஐ எட்ட 12.8 வினாடி. முதல் நூறுக்கு 3.6, இரண்டாம் நூறுக்கு 9.2. கால் மைலை டெஸ்லா 9.9 வினாடியில் முடிப்பதாக நிறுவனம் சொல்கிறது, உரூஸுக்கு 11 வினாடிக்கு மேல் ஆகிறது. ஆனால் டெஸ்லாவின் உச்ச வேகம் மணிக்கு 262 கிலோமீட்டர். உரூஸுக்கு 305. ஆளில்லாத நேர்ச்சாலை போதிய நீளத்துக்குக் கிடைத்தால், தோற்ற காளை ஒரு கட்டத்தில் பின்னாலிருந்து வந்து முந்திப் போய்விடும். இத்தாலிய நெடுஞ்சாலைகளில் அனுமதிக்கப்பட்ட வேகம் 130.

என்னைக் கேட்டால், மணிக்கு நூறு கிலோமீட்டர்வரை டெஸ்லா, அதற்கப்பால் எவ்வளவு சாலை இருக்கிறது என்பதைப் பொறுத்தது, சத்தத்துக்கு மட்டும் எப்போதும் உரூஸ். லம்போர்கினியும் கணக்குத் தெரிந்தவர்கள்தான். 2024இல் வந்த உரூஸ் எஸ்இயில் அதே வி-8 எஞ்சினோடு ஒரு மின்மோட்டாரையும் 25.9 கிலோவாட்-மணி பேட்டரியையும் சேர்த்துவிட்டார்கள். மொத்தம் 800 குதிரை. 100ஐ எட்ட 3.4 வினாடி. கல்லுக்கு இன்னும் 2.83தான்.